தோள்பட்டியா, இடுப்பு எலாஸ்டிக்கா?

சைக்கிளில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சிங்கப்பூரின் ஜாலான் காயுவில் இரண்டு பிராட்டா, ஒரு தே தாரிக். மறுபடி சைக்கிளில் ஏறி, வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்ததும், ஷார்ட்ஸின் எலாஸ்டிக் தொப்புளுக்குக் கீழே கயிறு கட்டினாற்போல் இறுக்கியது. ஈசூனில் இருக்கும் வீட்டுக்கு அதிகத் தூரமில்லை. இருந்தும் வழியில் மூன்று முறை நிறுத்தினேன். எலாஸ்டிக்கைக் கீழே தள்ளினால் வயிற்றுக்கு நிம்மதி. ஆனால் உட்காரும் இடத்தில் உள்ளே தைத்திருக்கும் மெத்தை, அதாவது பேடு, இடம் மாறித் தொடையை அறுத்தது. மேலே இழுத்தால் பேடு சரியாகும், வயிறு வலிக்கும். அந்த வாரமே தோள்பட்டி வைத்த முதல் பிப் ஷார்ட்ஸை வாங்கினேன். அதற்காகச் சாதா ஷார்ட்ஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. இன்றும் என் அலமாரியில் இரண்டும் இருக்கின்றன.

புதிதாக ஓட்ட வருபவர்கள் இரண்டும் வேறு வேறு வகைத் துணி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் துணி ஒன்றுதான், நீளும் லைக்ரா கலந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் பேடுகூட ஒன்றாகவே இருக்கும். உடம்போடு அதை எது பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு. சாதா ஷார்ட்ஸை இடுப்பு எலாஸ்டிக் பிடிக்கிறது. பிப்பில் இடுப்பு எலாஸ்டிக்கே கிடையாது. வலைத்துணியாலான இரண்டு பட்டிகள் தோளில் தொங்கி முழுவதையும் மேலே இழுத்து வைக்கின்றன. நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் பேடு பற்றி ஒரு வார்த்தை. அது சரியில்லையென்றால் எந்தப் பட்டியும் காப்பாற்றாது. ஒரு காலத்தில் பேடின் இடத்தில் ஷாமி என்ற மலையாட்டின் தோலை வைத்துத் தைத்தார்கள். துவைத்தால் அந்தத் தோல் விறைத்துவிடும், அதனால் கொழுப்புத் தடவி மிருதுவாக்குவார்கள். இன்று தோல் போய் நுரைமெத்தை வந்துவிட்டது. ஷாமி கிரீம் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது; இப்போது அதை உரசலைக் குறைக்கப் பூசுகிறோம். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்துப் பஞ்சுபோல் தடித்திருப்பதையே பலர் எடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது நசுங்கி, நாம் உட்காரும் இரண்டு எலும்புகளும் நேரே சீட்டில் இடிக்கும். சற்று மெல்லியதாக, அழுத்தமாக இருப்பதுதான் மூன்று மணி நேரம் தாங்கும். இன்னொன்று: உள்ளே ஜட்டி போடக் கூடாது, இரண்டு வகைக்கும்தான். இதைச் சொல்ல நம் வீடுகளில் கூச்சம். அந்தக் கூச்சத்தால் ஜட்டியின் தையல் பட்டுப் புண்ணாகி, ‘சைக்கிள் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டவர்களை நான் அறிவேன்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். ஐரோப்பாவில் எழுதப்படும் ஒப்பீடுகளில் வேர்வை ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே அதுதான் முழுக் கதை. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். நாம் ஓட்டக் கிளம்பும் விடிகாலையில் 90-க்கு மேல் நிற்கும். காற்றே நனைந்திருப்பதால் வேர்வை எளிதில் ஆவியாகாது. முதுகில் வழிந்து நேரே இடுப்புக்கும் பேடுக்கும் இறங்கும். இரண்டாம் மணி நேரத்தில் பேடு நனைந்த பஞ்சு. அந்தக் கனம் சாதா ஷார்ட்ஸைக் கீழே இழுக்கும். மண்டாய் ரோட்டின் ஏற்றங்களில் எழுந்து நின்று மிதித்துவிட்டு உட்காரும்போதெல்லாம் பேடு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பிப்பில் அது நடக்காது. தோளிலிருந்து இழுவை இருப்பதால், எழுந்தாலும் உட்கார்ந்தாலும் போட்ட இடத்திலேயே இருக்கும்.

‘பிப்பில் மேலே இன்னொரு அடுக்கு வருகிறதே, வேகாதா?’ என்று எல்லாரும் கேட்பார்கள். சிக்னலில் நிற்கும்போது வேகத்தான் செய்கிறது. தானா மேரா கோஸ்ட் ரோட்டின் நேர்ப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கையில், வலைத்துணி என்பதால் அது இருப்பதே தெரியவில்லை. அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது பெரிது. இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த தடத்திலேயே வரிசையாக வேர்க்குரு வரும், வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் அரிக்கும். பிப்புக்கு மாறிய பிறகு அது வரவேயில்லை.

தொப்பை விஷயத்தைச் சுற்றிப் பேசாமல் சொல்கிறேன். என் அண்ணனுக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் சைக்கிள் ஆசை வந்தது. ‘பிப் எல்லாம் ஒல்லிப் பிள்ளைகளுக்கு’ என்று சொல்லி, எலாஸ்டிக் அழுத்தாமலிருக்க ஓர் அளவு பெரிய ஷார்ட்ஸாக வாங்கினார். இடுப்பு சுகமாக இருந்தது. ஆனால் தொடைப் பக்கம் தொளதொளவென்றாகி, பேடு மடிந்து மடிந்து உரசி, நாலு நாள் நடக்கவே சிரமப்பட்டார். சாதா ஷார்ட்ஸில் இடுப்பும் தொடையும் ஒரே அளவில் கட்டுண்டவை. ஒன்றைத் தளர்த்தினால் மற்றதும் தளரும். பிப்பில் இடுப்பு என்ற கணக்கே இல்லாததால் தொடைக்கும் பேடுக்கும் சரியான அளவை எடுத்துக்கொள்ளலாம், வயிறு தன் இடத்தில் இருக்கும். வயிறு உள்ளவர்களுக்குத்தான் பிப் அதிகம் உதவும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிப்பில் அளவு தவறினால் வேறு தொல்லை. உடலின் மேற்பகுதி நீளமானவர்களுக்குப் பட்டி தோளை வெட்டும், குட்டையானவர்களுக்கு நழுவும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நேராக நின்றால் பட்டி தோளைக் கீழே இழுப்பதுபோல் இருக்க வேண்டும். பயந்துவிடாதீர்கள். அப்படியே கைப்பிடியைப் பிடிப்பதுபோல் குனியுங்கள், இழுவை விட்டுவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போதே சுகமாக இருந்தால் அது உங்களுக்குப் பெரிது. காஸ்டெல்லி போன்ற இத்தாலிய நிறுவனங்களின் அளவுகள் சிறிதாக வரும், வழக்கமான எண்ணை நம்பி இணையத்தில் வாங்க வேண்டாம்.

சாதா ஷார்ட்ஸ் தெளிவாக வெல்லும் இடம் கழிப்பறை. இந்த வெயிலுக்கு மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கிறோம், போகாமல் முடியாது. ஆண்களுக்கு முன்பக்கம் தாழ்வாக வெட்டிய பிப் என்றால் சமாளித்துவிடலாம். பெண்களின் நிலை வேறு. எங்கள் குழுவில் ஓட்டும் அக்கா ஒருவர் விவரமாகச் சொன்னார். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கின் ஈரத் தரையில் நின்று, கையுறை கழற்றி, ஜெர்சி கழற்றி, அதை மாட்ட ஆணியில்லாமல் வாயில் கவ்வி, பட்டிகளை இறக்கி, அவை தரையைத் தொடாமல் ஒரு கையில் பிடித்து, பிறகு வேர்வையில் ஒட்டும் துணியை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். 2022 தொடக்கத்திலிருந்து சாலையில் ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி வந்தபின் சிறு குழுவாகவே போகிறோம். மற்ற நால்வரும் தனக்காகக் காத்திருப்பதை நினைத்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாராம். இந்த வெப்பத்தில் அது ஆபத்து. மாதவிடாய் நாட்களில் இன்னும் சிரமம். பட்டியைக் கழற்றாமலே பின்பக்கம் இறக்கக்கூடிய பெண்கள் பிப்கள் வந்திருக்கின்றன. சிலவற்றில் கொக்கி, சிலவற்றில் ஜிப், சிலவற்றில் நன்றாக நீளும் துணி. அக்கா போட்டுப் பார்த்தார், விலையைக் கேட்டு வைத்துவிட்டார். இப்போது அகலமான, தட்டையான இடுப்புப்பட்டி வைத்த சாதா ஷார்ட்ஸ்தான் அணிகிறார். குறுகிய எலாஸ்டிக்கைவிட அழுத்தம் பரவலாக விழுகிறது. எண்பது கிலோமீட்டர் வரை எங்களோடு குறையில்லாமல் வருகிறார். அவருடைய தேர்வு சரியென்றே நான் நினைக்கிறேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரே தரத்தில் பிப் எப்போதும் கூடுதல். அசோஸ், ராஃபா போன்ற நிறுவனங்களின் பக்கம் போனால் இருநூறு சிங்கப்பூர் வெள்ளியை எளிதாகத் தாண்டும்.

ஆனால் அந்தப் பணத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் துவைப்பும் காயப்போடுவதும் நுழைகின்றன. வீவக அடுக்குமாடி வீட்டில், டிசம்பர் மழையில், மூங்கில் கழியில் போட்ட பேடு ஒரே இரவில் காய்ந்த நாள் குறைவு. உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் லைக்ரா கெடும். துணியை மணக்கவைக்கும் கண்டிஷனர் ஊற்றினால் இழைகளில் படிந்து வேர்வையை உறிஞ்ச விடாது. குளிர்ந்த நீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி, காற்றில் விடுவது ஒன்றே வழி. பிப்பைப் பட்டியால் ஹேங்கரில் தொங்கவிடலாம், பேடு விரிந்து நிற்கும்; கொஞ்சம் சீக்கிரம் காய்கிறது. எப்படியானாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டுபவருக்கு ஒன்று போதாது. அரைகுறையாகக் காய்ந்த பேடை மறுபடி போட்டால் கிருமி பெருகிக் கொப்புளம் வரும். எனக்கு வந்திருக்கிறது, இரண்டு வாரம் சீட்டில் உட்கார முடியவில்லை. ஆகவே கையில் இருப்பது ஒரு நல்ல பிப்புக்கான பணம் மட்டும் என்றால், அதில் இரண்டு தரமான சாதா ஷார்ட்ஸ் வாங்குங்கள் என்பேன். ஒரு பிப்பைவிடக் காய்ந்த இரண்டு பேடுகள் மேல்.

பூங்கா இணைப்புப் பாதையில் பிள்ளைகளோடு போவதற்குப் பிப் எதற்கு? அங்கே வேக வரம்பே மணிக்கு 25 கிலோமீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறோம், குனிவதில்லை, எலாஸ்டிக் வயிற்றை அழுத்துவதில்லை. பேடு வைத்த சாதா ஷார்ட்ஸைப் போட்டு, மேலே முழங்கால் வரை தொளதொளப்பான கால்சட்டை ஒன்றை அணிந்தால் போதும். மின்தூக்கியில் அண்டைவீட்டு மாமியைப் பார்த்தாலும் சங்கடமில்லை, தேக்கா சந்தையில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டும் வரலாம். இறுக்கமான உடையோடு வெளியே வரத் தயங்கியே ஓட்டாமல் இருக்கும் நம் பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். ரயில் ஓட்டம் நின்றபின் நடக்கவும் ஓட்டவும் திறந்துவிட்ட 24 கிலோமீட்டர் பழைய ரயில் பாதையின் கரடுமுரடான மண் பகுதிகளில் அடிக்கடி எழுந்து உட்கார வேண்டியிருப்பதால் அங்கே மட்டும் நான் பிப் பக்கம் சாய்கிறேன். குனிந்து ஓட்டும் சைக்கிளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் எனக்கு யோசனையே இல்லை, பிப்தான்.

அண்ணனும் மாறிவிட்டார். சரியான அளவில் இரண்டு பிப் வாங்கி, போன மாதம் சாங்கி வில்லேஜ் வரை வந்து நாசி லெமாக் சாப்பிட்டு, நிறுத்தாமல் திரும்பினார்.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்று. சாதா ஷார்ட்ஸில் முதலில் சோர்வது இடுப்பு எலாஸ்டிக், அதை நாமே உணர்ந்துவிடுவோம். பிப் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பட்டி நன்றாகவே இருக்கும்போது பின்பக்கத் துணி தேய்ந்து மெலிந்துவிடும். மாதம் ஒரு முறை கையை உள்ளே விட்டு சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. பின்னால் ஓட்டி வருபவர் பார்த்தாலும் சொல்லக் கூச்சப்படுவார்.