ரெண்டு கோடு வந்து மங்கிப் போச்சுன்னா? வீட்ல பாக்குற ப்ரெக்னன்ஸி கார்டு பத்தி என் ரிவ்யூ

மெடிக்கல்ல அறுபது ரூவாய்க்குள்ள கிடைக்குமே அந்த சாதா கார்டு தான். மூணு கம்பெனி கார்டு மாத்தி மாத்தி வாங்கிட்டேன், எல்லாமே ஒரே மாதிரி தான் வேலை செய்யுது, அதனால கம்பெனி பேர் எதுவும் போடல. ரிவ்யூ எழுதணும்னு தோணினதுக்கு காரணம் வேற, அந்த கார்டு எனக்கு ரெண்டு கோடு காட்டிட்டு மூணாவது நாளே மங்கிப் போச்சு, அப்ப என்ன பண்றதுன்னு டப்பால இருந்த பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல.

முதல்ல கார்டு எப்படின்னு சொல்லிடறேன். கவரை கிழிச்சா வெள்ளை பிளாஸ்டிக் கார்டு, குட்டி ட்ராப்பர், ஈரம் இழுக்கற பொட்டலம் ஒண்ணு. காலைல முதல் யூரின் எடுத்து எஸ் போட்டிருக்க குழில மூணு சொட்டு விட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். சி பக்கத்துல கோடு வந்தா கார்டு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், டி பக்கத்துலயும் வந்தா பாசிட்டிவ். கரு கர்ப்பப்பைல ஒட்டின அப்புறம் தான் ஹெச்சிஜின்னு ஒரு ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும், அது சுமாரா 25 யூனிட் இருந்தாலே இந்த கார்டு பிடிச்சிடுது. அந்த விஷயத்துல குறையே சொல்ல முடியாது. ஆனா அரை மணி நேரம் கழிச்சு போய் பாத்து சாம்பல் கலர்ல ஏதோ தெரியுதேன்னு சந்தோஷப்படாதீங்க, அது காஞ்ச தடம்.

எனக்கு நாள் தள்ளி மூணாவது நாள் காலைல போட்டேன். டி கோடு ரொம்ப லேசான ரோஸ். எனக்கு நம்பிக்கையே வரல, அவர் தான் பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்துல கார்டை சாய்ச்சு சாய்ச்சு பாத்துட்டு "இருக்குடி, லேசா இருக்கு"ன்னார். கார்டுக்கு பின்னாடி பால்பாயிண்ட் பேனால தேதி எழுதி வச்சேன். அஞ்சாவது நாள் இன்னொரு கார்டு போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா புதுசுல கோடு இன்னும் வெளிறிப் போயிருந்துச்சு. அப்பவே வயித்துல ஏதோ பிசைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

அன்னிக்கே டாக்டர்கிட்ட போனோம். கோட்டோட கலரை வச்சு எதுவும் முடிவு பண்ணக்கூடாதும்மா, நிறைய தண்ணி குடிச்சிருந்தா கூட கோடு வெளிறும், ரத்தத்துல பாத்தா தான் சரியா தெரியும்னு சொல்லி பீட்டா ஹெச்சிஜி எழுதிக் கொடுத்தாங்க. 46 வந்துச்சு. ரெண்டு நாள் விட்டு மறுபடி எடுத்தா 27. ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை சுமாரா ரெண்டு மடங்கா ஏற வேண்டியது, இறங்குது. அன்னிக்கு சாயங்காலமே ப்ளீடிங் ஆரம்பிச்சிடுச்சு, எப்பவும் வர்றதை விட வலி ஜாஸ்தி, கொஞ்சம் கட்டி கட்டியா.

இதுக்கு பேர் பயோகெமிக்கல் ப்ரெக்னன்ஸியாம். கரு ஒட்டிருக்கு, ஹார்மோன் வந்திருக்கு, ஆனா ஸ்கேன்ல தெரியற அளவுக்கு வளர்றதுக்கு முன்னாடியே நின்னு போச்சு. சுமாரா அஞ்சு வாரம் ஆனா தான் ஸ்கேன்ல கரு வளர்ற பையே தெரியும். நான் அந்த வாரம் டவுன் பஸ்ல குலுங்கி குலுங்கி ஆபீஸ் போனது, ஒரு துண்டு பப்பாளி சாப்பிட்டது, தண்ணி கேன் தூக்கினது எல்லாத்தையும் வரிசையா ஒப்பிச்சேன். டாக்டர் முழுசா கேட்டுட்டு, இதுல எதுவுமே காரணம் இல்ல, பெரும்பாலும் கரு உண்டாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை சரியா அமையாம போறது தான், நீ படுத்தே கிடந்திருந்தாலும் நின்னிருக்கும்னாங்க. அதைக் கேட்டு அங்கயே உக்காந்து அழுதேன். இதை யாராவது அஞ்சாவது நாள் காலைலயே சொல்லிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் தான் படிச்சேன், 1988ல வெளியான ஒரு ஆராய்ச்சில, அமெரிக்கால ஆலன் வில்காக்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு, குழந்தைக்கு ட்ரை பண்ற 221 பெண்களோட யூரினை தினமும் எடுத்து பாத்திருக்காங்க. 198 கர்ப்பம் தெரிஞ்சதுல 22 சதவீதம், வெளில தெரியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிருக்கு. அப்படி இழந்தவங்கள்ல 95 சதவீதம் பேர் அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள மறுபடி கர்ப்பம் ஆயிருக்காங்க. இந்த ரெண்டாவது நம்பரை போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

கம்பெனிக்காரங்க மேல என் வருத்தம் இது தான். பேப்பர்ல பாசிட்டிவ், நெகட்டிவ், செல்லாது, இந்த மூணு படம் மட்டும் தான். கோடு வந்து மங்கினா ரத்த டெஸ்ட் எடுங்க, உங்க தப்பு இல்லன்னு தமிழ்ல நாலு வரி போட என்ன செலவாயிடும்? அதை விட முக்கியமா, கரு கர்ப்பப்பைக்கு வராம டியூப்லயே தங்கிருந்தாலும் ஹெச்சிஜி சரியா ஏறாம இப்படி தடுமாறும், அது உயிருக்கே ஆபத்து. அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, தோள்பட்டை வலி, மயக்கம்னு எது வந்தாலும் நைட்டா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்காக தான் எனக்கும் ஹெச்சிஜி 5க்கு கீழ இறங்கற வரைக்கும் வாரா வாரம் ரத்தம் எடுத்தாங்க.

ஸ்கேன் எடுத்த இடத்துல இருந்த ஒரு அம்மா "ஒண்ணுமே இல்லையே, பீரியட்ஸ் தானே இது"ன்னு சொன்னது இன்னும் மனசுல முள்ளா குத்துது. எனக்கு அது ஒண்ணுமே இல்லாதது இல்ல, அஞ்சு நாள் நான் அதுகிட்ட பேசிட்டு இருந்தேன்.

ஃப்ரெண்ட் ஒருத்தி, கார்டு போடாம பத்து நாள் பொறுத்திருந்தா உனக்கு தெரிஞ்சே இருக்காதேன்னா. யோசிச்சு பாத்தேன். ஊருக்கு போயிருந்தப்ப அம்மாகிட்ட சொன்னேன், அம்மா கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தவங்க கையை நிறுத்திட்டு "உனக்கு முன்னாடி எனக்கும் ஒரு தடவை பன்னெண்டு நாள் தள்ளி, எழுந்திரிக்க முடியாத வலியோட வந்துச்சு, சூடுன்னு சொல்லி உங்க ஆச்சி வெந்தயம் கொடுத்தாங்க"ன்னாங்க. அது என்னன்னு அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு தெரியுது, அது போதும்னு இருக்கு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணை அந்த பேப்பருக்காக குறைச்சிருக்கேன். வாங்கும்போது எக்ஸ்பைரி தேதி பாத்துக்கோங்க, ஒண்ணுக்கு ரெண்டா வாங்குங்க, ரெண்டாவதுல கோடு இன்னும் மங்கலா வந்தா மூணாவது கார்டுக்கு மெடிக்கல் போகாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போய் ரத்த டெஸ்ட் எழுதி வாங்குங்க, கூட யாரையாவது கூட்டிட்டு போங்க.