செம்பு ஆவி லேசர்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

டை லேசரை (சாயக் கரைசலிலிருந்து ஒளி தரும் லேசர்) பம்ப் செய்வதற்காக, அதாவது அதற்கு ஒளியாற்றல் ஊட்டுவதற்காக, பல வருடமாகச் செம்பு ஆவி லேசர் ஓட்டுகிறேன். அதன் ஒளியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடாய்ப் படுத்துவதெல்லாம் சூடுதான்.

செம்பு போதிய அளவு ஆவியாக, அலுமினா குழாய் சுமார் 1500 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும். தனி ஹீட்டர் கிடையாது. நியான் வாயுவில் பாயும் மின்சாரமே குழாயையும் சூடாக்குகிறது. சுவிட்சைப் போட்டபின் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முதலில் குழாய் முழுக்க நியானின் செம்மஞ்சள். அப்புறம் அதில் மெல்லப் பச்சை கலக்கும். 510.6 நானோமீட்டர் பச்சைக் கற்றை முந்திக்கொண்டு வரும், 578.2 மஞ்சள் பின்னால் வரும். பவர் மீட்டர் நிலைக்கும்வரை டை லேசரைத் தொடுவதில் பயனில்லை. நடுவில் கரண்ட் போனால் அன்றைய வேலை பெரும்பாலும் போச்சு.

ஒளியை உமிழ்ந்த செம்பு அணுக்கள் கீழ் ஆற்றல் மட்டத்திலேயே தேங்கிவிடுவதால், ஒவ்வொரு பல்ஸும் சில பத்து நானோவினாடிகளில் தானே அணைந்துவிடும். அதற்குள் ஒளி கண்ணாடிகளுக்கிடையே சில முறைதான் போய்வர முடியும். அதனால்தான் தட்டைக் கண்ணாடிகள் வைத்தால் கற்றை விரிந்து கிடக்கிறது. அன்ஸ்டேபிள் ரெசொனேட்டருக்கு (ஒளி போய்வரும்போதே விரிந்து விளிம்பு வழியாக வெளியேறும்படியான வளைந்த கண்ணாடி அமைப்பு) மாறினோம். பவர் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கற்றையை நன்றாகக் குவிக்க முடிந்தது. நாங்கள் செய்த மாற்றங்களில் இதுதான் உருப்படியானது. நியானோடு ஓரிரு சதவீதம் ஹைட்ரஜன் சேர்த்ததிலும் பவர் கூடியது.

செலவு வைப்பது தைரட்ரான், அதாவது மின்துடிப்பைத் தட்டிவிடும் வாயு நிரப்பிய சுவிட்ச் குழாய். விநாடிக்குப் பல ஆயிரம் தடவை நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தட்டிவிடும் உருப்படி தேயாமல் என்ன செய்யும்? மாற்று வந்துசேர மாதக்கணக்காகும். செம்பும் மெல்ல ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனைகளில் படிந்துவிடும். அவ்வப்போது திறந்து புதுத் துண்டுகள் போட வேண்டும். உள்ளே போகும் மின்சாரத்தில் சுமார் ஒரு சதவீதம்தான் ஒளியாக வருகிறது, மிச்சத்தைக் குளிர்நீர்தான் சுமக்கிறது.

புதிதாக வாங்குபவர், பச்சை மட்டும் போதுமென்றால் டயோடு பம்ப் செய்த 532 நானோமீட்டர் லேசர் வாங்கிக்கொள்ளலாம். மஞ்சளும் வேண்டுமென்றால் செம்பு புரோமைடு வகையைப் பாருங்கள். ஏறக்குறைய 500 டிகிரியே போதும், சீக்கிரம் தயாராகிவிடும். ஏற்கெனவே செம்பு ஆவி லேசர் வைத்திருப்பவர்கள், பழைய தைரட்ரான் நன்றாக ஓடும்போதே அடுத்ததற்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.