அட்டை இல்லாத 'துராங்கோ கிட்' வாங்குகிறீர்களா? கையெழுத்தை நம்ப வேண்டாம்

பழைய அமெரிக்க கௌபாய் காமிக்ஸ் சேர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 180 டாலர் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனது ஒரு பக்கம். ஒருவர் ராப்பகலாக வரைந்ததை இன்னொருவர் பெயரில் விற்றார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இணைய ஏலத்தில் பார்த்தேன். 'துராங்கோ கிட்' என்ற கௌபாய் நாயகனின் காமிக்ஸ் இதழ் ஒன்று. 'துராங்கோ கிட், அட்டை கிடையாது, பிராங்க் ஃப்ரசெட்டா வரைந்தது, உள்ளே அவர் கையெழுத்து இருக்கிறது' என்று போட்டிருந்தார்கள். பின்னாளில் கோனன் என்ற வாள்வீரனின் நாவல்களுக்குப் போட்ட அட்டைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற அதே ஃப்ரசெட்டாதான். 1949-ல், இருபத்தொரு வயதில், அவர் 'துராங்கோ கிட்' இதழ்களில் 'ஒயிட் இந்தியன்' என்ற துணைக்கதையை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது அச்சில் பார்க்க வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பார்சல் வந்தது. கதையின் முதல் பக்கத்தில், குதிரையின் பின்னங்காலுக்குக் கீழே, கறுப்பில் கையெழுத்து. முதலில் சந்தோஷம்தான். அப்புறம் விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது அந்த எழுத்து மட்டும் பளபளத்தது. எழுபது வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள் காகிதத்தில் அச்சு மை உள்ளே இறங்கி மங்கித்தான் இருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்தேன். பக்கத்துக் கோடுகளெல்லாம் ஓரம் லேசாகக் கசிந்திருந்தன. கையெழுத்தின் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. பக்கத்தைத் திருப்பி விரலால் தடவினேன். அந்த இடத்தில் மட்டும் சின்ன மேடு தட்டுப்பட்டது. பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறார்கள். அச்சுக்கு அப்படி மேடு வராது.

சரி, கையெழுத்துதான் போலி, படமாவது அவருடையதா? அதுவும் இல்லை. கையெழுத்து இருந்தது துராங்கோ கிட்டின் முதன்மைக் கதையில். ஃப்ரசெட்டா போட்டதோ பின்னால் வரும் துணைக்கதையை. அவர் அதை வரைந்ததும் 16-ஆம் இதழோடு முடிந்துவிட்டது. இதழ் 1955 வரை, 41-ஆம் எண் வரை வந்தது. ஆக, பாதிக்கு மேற்பட்ட இதழ்களில் அவருடைய துணைக்கதை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் இது எத்தனையாவது இதழ் என்று வாங்குகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? அதைத்தான் அந்த ஆள் பயன்படுத்திக்கொண்டார்.

காப்புரிமை முடிந்த இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் 'டிஜிட்டல் காமிக் மியூசிய'த்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். இரண்டு ராத்திரி ஆனது. என் பிரதி இருபதுக்கு அப்புறம் வந்த ஓர் இதழ். வரைந்தவர் பிரெட் கார்டினீர். 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமான அதே 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் ஸடாரா என்ற மந்திரவாதியின் கதையைப் போட்டவர். அவர் கோடு தனி ரகம். சுத்தமாக, ஒரே சீராக ஓடும், நிழல் குறைவு, ஆட்கள் செதுக்கி நிறுத்தியதுபோல் நிற்பார்கள். ஃப்ரசெட்டாவின் தூரிகைக் கோடு தடித்து மெலிந்து ஓடும், தசையெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. வாங்குவதற்கு முன்னால் நான் அதைச் செய்யவில்லை.

அந்தக் காலத்தில் பல பதிப்பகங்கள் ஓவியர் பெயரைப் போட்டதே இல்லை. டெல் என்ற பதிப்பகத்தின் இதழ்களைப் புரட்டினால் பெரும்பாலும் பெயரே இருக்காது. 'லோன் ரேஞ்சர்' வரைந்த டாம் கில்லுக்கு உதவியாளர்கள் வேறு இருந்தார்கள். பின்னாளில் 'ஹல்க்' வரைந்த ஹெர்ப் ட்ரிம்பியும் அவருடைய பென்சில் கோடுகளுக்கு மை போட்டுக் கொடுத்தவர்தான். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று நமக்கு எத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது! அதனால்தான் எந்த இதழை யார் வரைந்தார்கள் என்று இணையத்தில் பட்டியல் போடும் 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' தொகுப்பவர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவார்கள். விற்கிறவர் எந்தப் பெயர் சொன்னாலும் அங்கே பாருங்கள். கேள்விக்குறி இருந்தால் அந்தப் பெயருக்காக ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அட்டை இல்லாத பிரதி என்றால் உள்ளே உள்ள மூன்று நான்கு பக்கங்களின் படம் கேளுங்கள். ஸ்கேனோடு ஒப்பிட்டு இதழ் எண் தெரிந்த பிறகே விலை பேசுங்கள். கையெழுத்து இருந்தால் அதன் பின்பக்கத்தையும், விளக்கைச் சாய்த்து வைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விற்றவருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். 'அட்டை இல்லாத பிரதியைத் திருப்பி எடுப்பதில்லை' என்று ஒரே வரி பதில். மறுபடி எழுதியதற்குப் பதிலே இல்லை.

பிரதியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. நல்ல ஓவியம், நல்ல கதை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'பிரெட் கார்டினீர்' என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அந்த விற்பனையாளரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அட்டை இல்லாத கௌபாய் பிரதிகள் இன்னும் இரண்டு விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டிலும் முதல் பக்கத்தில், குதிரையின் காலுக்குக் கீழே, அதே கறுப்புக் கையெழுத்து.