ஃபோம் போர்டு வால், இம்பிராபோர்டு மூக்கு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரேடியோ கண்ட்ரோல் விமானம் விழுந்தால் முதல் அடி உடலுக்குத்தான். அடிக்கடி உடையப்போகும் பாகத்துக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? வழக்கமாக உடல் செய்யும் லேசான பால்சா மரம் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. 2020 வாக்கில் காற்றாலை இறக்கை செய்பவர்கள் வாங்கிக் குவித்ததில் விலை எகிறியது. அதனால் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டிலேயே சில வருடங்களாக உடல் செய்கிறேன். இறக்கை ஒரு மீட்டர், பேட்டரி 3 செல் 1300 mAh, இந்த அளவு விமானத்துக்கு ஃபோம் போர்டு தாராளமாகப் போதும்.

செய்முறை எளிது. ஒரு பக்கத் தாளையும் நடுவிலுள்ள ஃபோமையும் வெட்டி, அடித்தாளை விட்டுவிட்டு மடித்தால் சதுரப் பெட்டி கிடைத்துவிடும். பிளேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும்.

எடை விஷயத்தில் முழுக் கவனமும் வாலில் இருக்கட்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 60 சென்டிமீட்டர், மூக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் வைத்தால்தான் சமன் ஆகும். ஆக மொத்தம் 40 கிராம் தண்டம். அதனால் பின்பாதியில் உள்பக்கத் தாளை லேசாக நனைத்து உரித்துவிடுவேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் ஃபோமும் சேர்ந்து வரும். தாள் போன இடம் தொளதொளவென்று இருக்கும். அங்கே உள்ளே ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) நீளவாட்டில் ஒட்டினால் விறைப்பாகிவிடும்.

நம் ஊர் ஈரம்தான் பெரிய தலைவலி. செபராங் பிறை வயலோரத்தில் காலைப் பனியில் இறங்கினால் வெட்டிய ஓரம் வழியாகத் தாள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஓரங்களுக்கு டேப், தாளுக்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷ் ஒரு பூச்சு, அதற்கு மேல் வேண்டாம், கனம் ஏறும். ஸ்ப்ரே பெயின்ட், சாதாரண சூப்பர் குளூ இரண்டும் ஃபோமைக் கரைத்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சூட்டுப்பசை நல்லதுதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விமானத்தை விட்டால் பசை இளகி மோட்டார் பலகை சாய்ந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஸ்க்ரூ போடுகிறேன்.

மூக்குக்கு இம்பிராபோர்டு, அதாவது தேர்தல் விளம்பரப் பலகைக்குப் பயன்படும், உள்ளே குழாய் குழாயாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. 2023 ஆகஸ்டில் பினாங்கு சட்டமன்றத் தேர்தல் முடிந்ததும் தாமானில் (எங்கள் குடியிருப்பில்) கட்சிக்காரர்களிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கி வைத்தேன். “அண்ணே, எந்தக் கட்சி பறக்குது?” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள், அது தனிக்கதை. கனம் அதிகம் என்றாலும் மூக்கில் அது ஈயத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. மோதினால் நசுங்கி மறுபடி நிமிரும். குழாய் வரிகள் நீளவாட்டில் ஓட வேண்டும். பசை சரியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து, கேபிள் டையால் கட்டுவதே உறுதி.

பால்சாவை ஒதுக்கவில்லை. இஞ்சின் இல்லாத கிளைடருக்கு இன்றும் அதைத்தான் எடுப்பேன். புதிதாகப் பழகும் தம்பிகள் மட்டும் ஃபோமில் ஆரம்பிக்கட்டும்.