நினைவு நாளுக்கு ஒரு பெயர்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கம்

முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று, போரில் இறந்தவர்களை நினைவுகூரும்போது, பிள்ளைகளிடம் லட்சக்கணக்கில் இறந்தார்கள் என்று சொன்னால் மனதில் ஒட்டாது. ஆளுக்கொரு பெயரைக் கையில் கொடுங்கள். இரு உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் (பிரிட்டனும் இந்தியா உட்பட அதன் அன்றைய பேரரசு நாடுகளும்) படையினர் சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளை, அவர்களின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் இந்த ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

குடும்பப் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறைத் தோட்டம் என எதை வைத்தும் தேடலாம். முழுப் பெயரைப் போட்டால் பல நேரம் ஒன்றும் வராது. பல பதிவுகளில் பெயரின் முதலெழுத்து மட்டுமே இருக்கும். இந்திய வீரர்களுக்கு எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பாருங்கள். இந்து, சீக்கிய வீரர்கள் பலர் தகனம் செய்யப்பட்டவர்கள். கல்லறை எண் இருக்காது, நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும்தான். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கூடுதல் தகவல் என்ற கட்டம்தான் இதன் உயிர். இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று ஒரே வரி. பலருக்கு அது காலியாக இருக்கும். நிரம்பியிருக்கும் பதிவுகளையே தேர்ந்தெடுங்கள்.

தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது ஆணையத்தின் கொள்கை. ஆனால் ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பலர் பெயரின்றி விடப்பட்டதற்கு 2021-ல் ஆணையமே மன்னிப்புக் கேட்டது. பெரிய வகுப்புகளுக்கு அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவுகளில் வரும் சுருக்கக் குறிகள் சிறுவர்களுக்குப் புரியாது. முந்தைய நாளே விரித்து எழுதி அச்சிட்டு, காலை 11 மணி மௌனத்தின்போது அந்தத் தாளைக் கையில் கொடுங்கள்.