ஏற்காடு ஏற்றத்தில் திணறும் பழைய பைக்: ஃபில்டரா, டேங்க் கழுவலா, உள்பூச்சா?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. இடையிலுள்ள 1,200 மீட்டரை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, கீழே சேலத்தின் கோரிமேட்டுச் சாலையில் வெளித்தெரியாத குறைகள் எல்லாம் பழைய பைக்கில் வெளிப்பட்டுவிடும். என்னிடம் இருக்கும் யமஹா ஆர்.எக்ஸ். 100, எட்டாவது வளைவைத் தாண்டியதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடத் தொடங்கியது. இரண்டு மூன்று நிமிடம் ஓரங்கட்டி நிறுத்தி உதைத்தால் ஒரே உதையில் கிளம்பும். அரை கிலோமீட்டர் போனதும் மறுபடி நிற்கும்.

மலையில் இழுவை குறைந்தால் உயரத்தின் மீது பழி போடுவது வழக்கம். உயரம் செய்வது வேறு காரியம். மேலே காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான அதே மெயின் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் காற்றை விட மிகுந்துபோய், வண்டி மந்தமாகி, பிளக் கரி பிடிக்கும். நின்று நின்று கிளம்பாது. பெட்ரோல் பற்றாக்குறையோ இதற்கு நேர் எதிரானது. கார்புரேட்டர் கிண்ணம் காலியாவதால் எஞ்சின் நிற்கிறது. காத்திருக்கும் நேரத்தில் கிண்ணம் நிறைவதால் மீண்டும் கிளம்புகிறது. திணறும் நேரத்தில், குளிர்ந்த வண்டியைக் கிளப்பப் பயன்படும் சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள்: இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை என்றும், இன்னும் மோசமானால் பெட்ரோல் மிகுதி என்றும் பொருள். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடானதும் செயலிழந்தால், அதுவும் இதே போல ஏமாற்றும் என்பதால், நின்ற அந்த நொடியிலேயே கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்த வேண்டும். பெட்ரோல் தாராளமாக வழிந்தால் தேட வேண்டிய இடம் மின்சாரப் பக்கம்.

என் வண்டியில் நாலு சொட்டுதான் விழுந்தது.

அடுத்து, காசில்லாத சோதனை. டேங்க் மூடியில் காற்று புக ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் சரியாக ஓடினால், ஓர் ஊசியும் கொஞ்சம் பெட்ரோலும் போதும், வேறு எந்தச் செலவும் வேண்டாம். எனக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறிய பிறகு திறந்தவெளியில், டியூபைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி அளவுக் குடுவைக்குள் விட்டு ஒரு நிமிடம் அளந்தேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறும் வண்டிக்கு மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 மில்லி தேவைப்படும். அதைப் போல நாலைந்து மடங்கு தாராளமாக வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. முதலில் கயிறு போல விழுந்த பெட்ரோல் பதினைந்து நொடிக்குள் நூலாகி, பிறகு சொட்டாகிவிட்டது. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றினால், அதன் வலையில் காப்பித் தூளின் மண்டி போல ஈரமான செம்பழுப்புத் துரு அப்பிக் கிடந்தது.

இங்கிருந்துதான் வழிகள் பிரிகின்றன. ஒரு பட்டறையில் எனக்கு முதலில் சொல்லப்பட்டது, "அண்ணே, லைன்ல ஒரு ஃபில்டர் போட்டா முடிஞ்சுது" என்பதுதான். செலவும் நேரமும் மிகக் குறைவு என்பதால் அதையே செய்தேன். ஒரு வாரத்தில் பழைய நோய் திரும்பியது. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் தெளிவாகும். இந்த வண்டிகளில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு 20 சென்டிமீட்டர் மேலே இருந்தால், கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.015 பார் மட்டுமே. பம்ப் உள்ள காருக்கென்று செய்த காகித ஃபில்டர் இந்தச் சிறு அழுத்தத்துக்கே தடையாக நிற்கிறது; படுக்கைவசமாகப் பொருத்தினால் உள்ளே காற்றுக் குமிழியும் தங்கிவிடுகிறது. வலை வைத்த சிறு ஃபில்டரைச் செங்குத்தாக வைத்தால் தேவலை. ஆனாலும் டேங்க் துருவை உதிர்த்துக்கொண்டே இருக்கும் வரை, அடைப்பு டேப்பிலிருந்து ஃபில்டருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது: முழு திராட்டிலில் ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் சூடு மிகுந்து பிஸ்டன் ஜாம் ஆகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மற்ற எல்லா வழிகளும் மலிவானவை.

டேங்கைக் கழுவுவது என்று முடிவு செய்தாலும், எதனால் கழுவுவது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. கழிவறை கழுவும் ஆசிட் துருவை நிமிடங்களில் கரைக்கும். நின்றுவிடாமல் நல்ல இரும்பையும் தின்னும், மூச்சைச் சுடும் ஆவியைக் கிளப்பும், கழுவி முடிப்பதற்குள் புதுத் துருவையும் வரவழைக்கும். பலரும் அதை விரும்புவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், மெதுவாக வேலை செய்யும், இரும்பிடம் ஓரளவு கருணையோடும் நடந்துகொள்ளும். பெட்ரோல் முழுவதையும் வடித்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி வாடை போக்கி, டேப்பைக் கழற்றிய துளைக்கு ரப்பர் அடைப்பு வைத்து, வெந்நீரில் லிட்டருக்கு 100 கிராம் வீதம் கரைத்து விளிம்பு வரை நிரப்பினேன். மூடி திறந்தே இருக்க வேண்டும். வாயு வெளியேற வழி வேண்டும். பெயிண்டின் மீது வழிந்தால் உடனே துடைக்க வேண்டும். மறுநாள் காலையில் கொட்டியபோது தண்ணீர் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், சிவந்திருந்த அடித்தளம் ஈயப் பாத்திரம் போலச் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

கழுவியவர்களில் பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த அரைமணி நேரத்தில்தான். ஆப்பச் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, அலசி, பட்டறையின் காற்றுக் குழாயால் ஈரம் சிறிதும் இல்லாமல் ஊதி உலர்த்தி, உடனே 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்த பெட்ரோலை ஊற்றிக் குலுக்க வேண்டும். வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டால், மாலைக்குள் மஞ்சள் துரு படர்ந்துவிடும்.

உள்பூச்சு என்பது, சுத்தம் செய்த டேங்குக்குள் எபாக்சி போன்ற பிசினை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிக் காயவைப்பது. கழுவல் துருவை நீக்குகிறது. பூச்சு இரும்பை மூடுகிறது. ஊசித்துளை விழுந்து கசியும் டேங்குக்கு, பற்றவைப்பதை விட இது பாதுகாப்பானது, ஏனெனில் காலி டேங்கில் எஞ்சிய பெட்ரோல் ஆவி நெருப்பைக் கண்டால் வெடிக்கும். ஆனால் துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ மிஞ்சியிருந்தால் பூச்சு ஒட்டாது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதைத் தாங்கும் வகையல்லாத பிசினை இளக்கிச் செதில் செதிலாக உரிக்கும். துருத் தூளைக் கழுவிவிடலாம். உரிந்த பூச்சை டேங்குக்குள்ளிருந்து எடுப்பது பெரும்பாடு. ஓட்டை இல்லாத டேங்குக்கு நான் பூச்சைப் பரிந்துரைப்பதில்லை.

புது டேங்க் வாங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது; கடையில் கிடைக்கும் மாற்று டேங்குகளில் தகட்டின் கனத்தையும் டேப் உட்காரும் இடத்தையும் கையால் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அடித்தளம் விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவு அரித்துப்போயிருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

கழுவிய பிறகு முதல் இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும் வரை, டேப்பின் வலையை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். முதல் வாரம் ஒரு சிட்டிகை கரும்பொடி வந்தது, இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 180 மில்லி இறங்கியது. ஏற்காட்டில் இரவு தங்கும்போது இப்போது முன்கூட்டியே டேங்கை நிரப்பிவிடுகிறேன். பாதி காலியான டேங்கில்தான் மலைக் குளிருக்கு உள்சுவர் வியர்த்து, அந்த நீர் அடியில் இறங்கித் துருவுக்கு மறுபடி இடம் கொடுக்கிறது.