பேட்டர்னை பவுண்டரியில விட்டு வெச்சிருக்கறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிருங்க

கோயமுத்தூர்ல பம்பு, வால்வு, மோட்டார்னு ஏதோ ஒண்ணு பண்ணிட்டு காஸ்டிங்கை (இரும்பை உருக்கி மண் அச்சுல ஊத்தி எடுக்கற பாகம்) வெளிய பவுண்டரிங்கற வார்ப்புப் பட்டறையில குடுத்து ஊத்தறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டாருங்க, அதனால யாருன்னு கேக்காதீங்க.

நாங்க சின்ன யூனிட்டு, விவசாயத்துக்கான மோனோபிளாக் பம்பு பண்றோம். இம்பெல்லர், அதாவது பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளற சக்கரம், எங்க சொந்த டிசைன், அதோட இறக்கை (வேன்) கோணத்தை மாத்தி மாத்தி டெஸ்ட் பெட்ல ஓட்டிப் பாத்து கரண்டு கம்மியா இழுக்கற மாதிரி கொண்டு வந்தது. அலுமினிய பேட்டர்ன் (மண்ணுல அச்சு எடுக்கற மாதிரி உருவம்), கோர் பாக்ஸ் (உள்பக்கத்து வெற்றிடத்துக்கு மண் கட்டி செய்யற பெட்டி) எல்லாம் எங்க காசு. ஸ்டாம்ப் பேப்பர்ல என்டிஏ (ரகசியத்தை வெளிய விட மாட்டோம்ங்கற ஒப்பந்தம்) கையெழுத்து வாங்கிட்டுத்தான் பவுண்டரிக்குக் குடுத்தோம், பவுண்டரி ஓனரும் "ஏந்தம்பி நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு"ன்னு சிரிச்சுட்டே போட்டுக் குடுத்தாரு.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, பல்லடம் பக்கம் எங்க டீலர் கடைக்கு வேற கம்பெனி பம்பு ஒண்ணு ரிப்பேருக்கு வந்திருக்கு, மெக்கானிக் பையன் கழட்டிட்டு போட்டோ அனுப்பி "ஏனுங்ணா, நம்ம இம்பெல்லரை இவங்களுக்கும் சப்ளை பண்றமா"ன்னு கேக்கறான். பம்புல ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கறது சகஜந்தான், ஆனா எங்க பேட்டர்ன் ஒரு தடவை கீழ விழுந்து பின்பக்கம் ஒரு சொட்டை இருக்கு, ஓட்டத்துக்கு அதனால தொந்தரவு இல்லைன்னு அப்படியே விட்டிருந்தோம், எங்க காஸ்டிங் எல்லாத்துலயும் அந்தச் சொட்டை விழும். அந்தப் போட்டோவுல அதே இடத்துல அதே சொட்டை!

நேர்ல போய் அந்த இம்பெல்லரை வாங்கிட்டு வந்து, மெஷினிங் (லேத்துல கடையறது) படாத இடமாப் பாத்து அளந்தோம். நம்ம காஸ்டிங்கையே பேட்டர்னா வெச்சு ஊத்தியிருந்தா அயர்ன் ஆறும்போது நூறு மில்லிக்கு ஒரு மில்லி கணக்குல சுருங்கியிருக்கணும், இதுல அளவு அப்படியே இருக்கு. ஸ்கேன் பண்ணி சுருக்கத்துக்கு சேத்துப் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க, போடலாம், ஆனா சொட்டையையும் சேத்தா போடுவான்? எங்க பேட்டர்ன்லயே அடுத்தவனுக்கு ஊத்தியிருக்காங்க, அவ்வளவுதான்.

போய்க் கேட்டா முதல்ல நைட் ஷிப்ட்ல ஆளுங்க மாத்தி ஊத்திட்டாங்கன்னாரு. கொஞ்சம் சத்தம் போட்டதும் "உங்க ஆர்டரை மட்டும் நம்பி நான் எப்படித் தம்பி பர்னஸ் ஓட்டறது"ன்னு உண்மை வந்துருச்சு. அதை விடக் கொடுமை, டாலரன்ஸோட (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கற கணக்கு) இருந்த எங்க டிராயிங் பிடிஎஃபை அவரோட லேத் கடைக்கு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ணியிருக்காரு, அங்கிருந்து எங்கெங்க போச்சோ.

வக்கீல் சொன்னதைக் கேட்டா இன்னும் வயிறு எரியும். நம்ம நாட்டுல தொழில் ரகசியத்துக்குன்னு தனிச் சட்டமே இல்லையாம், 2024ல சட்ட கமிஷன் 289ஆவது அறிக்கையில ஒரு மசோதா வரைவு குடுத்ததோட சரி. டிராயிங்குக்கு காப்பிரைட் இருக்கேன்னு கேட்டேன், காப்பிரைட் சட்டம் 15(2)ன்னு ஒண்ணைக் காட்டறாரு, டிசைனாப் பதிவு பண்ணக்கூடிய பொருளைப் பதிவு பண்ணாம 50 பீஸுக்கு மேல தயாரிச்சுட்டா அதுல காப்பிரைட் போயிருமாம், இம்பெல்லருக்கு அது பொருந்துமான்னு வாதாடவே தனிச் சண்டை. என்டிஏல பெருசா ஒரு நஷ்டஈட்டுத் தொகை எழுதியிருந்தோம், ஒப்பந்தச் சட்டம் 74ன்படி அது உச்சவரம்பு மட்டுந்தான், கோர்ட் நியாயம்னு நினைக்கறதைத்தான் குடுக்கும். ஒரே ஆறுதல் 1987ல டெல்லி ஹைகோர்ட் குடுத்த ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கு உத்தரவு, தீவன மெஷினுக்குப் பேனல் சப்ளை பண்ணுவாங்கன்னு நம்பி டிராயிங் குடுத்தா வாங்கினவங்க அந்த மெஷினையே பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, கோர்ட் தடை போட்டுச்சு. நம்பிக்கையில குடுத்ததை வெச்சு நமக்கே எதிரா தொழில் பண்ணக் கூடாதுங்கறதுதான் அதுல விசயம், எங்க நோட்டீஸும் அதை வெச்சுத்தான் போயிருக்கு.

பேட்டர்னைத் திருப்பி வாங்கறதுக்கு உதவுனது என்டிஏ இல்லைங்க, டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செஞ்சு வாங்கற வேலை) அனுப்பினப்ப பேட்டர்ன் நம்பர், கோர் பாக்ஸ் எண்ணிக்கை எல்லாம் சலான்ல இருந்துச்சு, அதைக் காட்டினதும் "இது என்னோடது"ன்னு பேச அவருக்கு வழியில்லாமப் போச்சு. டை, பேட்டர்ன் வெளிய போகும்போது சலான் போடாம ஆட்டோல ஏத்தி அனுப்பறவங்க நெறைய பேர் இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

இப்ப பவுண்டரிக்குப் போறது காஸ்டிங் டிராயிங் மட்டுந்தான், மெஷினிங் அளவு லேத் கடைக்கு மட்டும், அசெம்பிளி டிராயிங் யாருக்கும் கிடையாது. ஒவ்வொரு வெண்டருக்கும் போற காப்பியில வேலைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ரேடியஸை லேசா மாத்தி வெச்சிடறோம், நாளைக்கு எங்கயாவது கிடைச்சா எந்தக் கடையில இருந்து போச்சுன்னு அதுவே சொல்லிரும். பேட்ச் முடிஞ்சதும் பேட்டர்ன் நம்ம ஷெட்டுக்கு வந்தாகணும், வண்டி வாடகை தண்டம்னு எங்கப்பா திட்டறாரு, திட்டட்டும். புது என்டிஏல சப் வெண்டருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்கணும், ஊத்தின எண்ணிக்கையும் ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையும் காட்டணும், நாங்க சொல்லாம வந்து பாப்போம்னு சேத்திருக்கோம். இதுக்கு ரெண்டு பவுண்டரி ஒத்துக்கவே இல்லை, மூணாவது ஆள் ஒத்துக்கிட்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாரு, குடுத்துட்டோம்.

கோர் பாக்ஸ்ல ஒண்ணு மட்டும் இன்னும் வரலை, தேடிட்டு இருக்கோம்ங்கறாங்க. சலான் காப்பியோட போலீஸ் கம்ப்ளைன்ட் குடுக்கலாமான்னு வக்கீல்கிட்ட கேட்டிருக்கேன்.